குளிர்காலத்தில் மறக்க முடியாத ஒரு ஆள், ஒரு நேரம்: எழுதுங்கள்

முத்தியால்பேட்டை_அக்கா
பாரிஸ் பக்கம் இருக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த டிசம்பர், ஜனவரி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் எட்டரை தாண்டித்தான் விடியும். நான் லா தெஃபான்ஸில் ஆபீஸ் துப்புரவு வேலைக்கு இருட்டில் போய், வேறொரு இடத்தில் இரண்டாவது வேலையையும் முடித்து, இருட்டில் திரும்புகிறவள். வெயிலைப் பார்க்காமலே வாரம் போகும்.

ஒருநாள் சாயங்காலம் ரயில் நிலைய வாசலில் ஒரு பங்களாதேஷ் பையன், சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிமேல் தகர அடுப்பு வைத்து செஸ்ட்நட் சுட்டுக்கொண்டிருந்தான். "மாரோன் ஷோ" என்று கூவுவார்களே, அதுதான். என் கை விரலெல்லாம் வெடித்திருந்தது, கையுறை போட்டாலும் எரிச்சல். காசு எடுக்கப் பையைத் திறக்கவே முடியவில்லை. அவன் பார்த்தான். காகிதக் கூம்பைக் கையில் தராமல் இரண்டாகப் பிரித்துக் கட்டி, என் கோட்டின் இரண்டு பாக்கெட்டிலும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான். இந்தியும் பிரெஞ்சும் கலந்து, "முதலில் கை வைங்க தீதி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றான். காசு வாங்கவில்லை.

வீடு வருகிற வரைக்கும் அந்தச் சூடு இருந்தது. அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு பையன். அந்த வண்டிக்காரர்களுக்கு லைசென்ஸ் கிடையாது, போலீஸ் வந்தால் அடுப்போடு ஓட வேண்டும். அவன் எங்கே போனானோ. இப்போதும் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் அடுப்பு வைத்திருக்கிறவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

நெல்லிக்குப்பம்_சுபேதார்
அக்கா எழுதியதைப் படித்ததும் கார்கில் பக்கம் இருக்கிற திராஸ் ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் அங்கே போஸ்டிங். பத்தாயிரம் அடிக்கு மேலே. சோஜிலா கணவாய் பனியில் மூடிவிட்டால் வண்டி வராது, கடிதம் ஹெலிகாப்டர் வந்தால்தான். அந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது.

ஜனவரி 13 ராத்திரி பஞ்சாப் பையன்களுக்கு லோஹ்ரி. ரேஷன் வந்த மரப்பெட்டிகளை உடைத்து வெளியே தீ மூட்டினார்கள். வேர்க்கடலை, எள்ளு மிட்டாய், பாட்டு. நான் பக்கத்தில் இருந்த ஹவில்தாரிடம், நாளைக்கு எங்கள் வீட்டில் பொங்கல், வாசலில் அடுப்பு வைப்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

விடியற்காலை எழுந்து பார்த்தால் அவர் அந்த நெருப்பின் பக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாம்பல் மூடி மூடி, துண்டுப் பலகை போட்டுப் போட்டு, ராத்திரி முழுக்கத் தீயை அணைய விடவில்லை. "உன் அடுப்பு ரெடி" என்றார். பால் பவுடரைக் கரைத்துப் பானையில் ஊற்றினேன், குக்கரில் வெந்த சோற்றையும் வெல்லத்தையும் அப்புறம் போட்டேன். பால் பொங்கி வழிந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாக "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியவர் அவர்தான். நெருப்புக்குத் தள்ளித் தரையில் ஓடிய பால் சற்று நேரத்தில் கெட்டியாகிவிட்டது.

குளிர் தேசத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஈர சாக்ஸோடு ஒரு நிமிஷமும் இருக்கக் கூடாது. மாற்று சாக்ஸைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருங்கள். மூடிய அறையில் கரி அடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவான். நாங்கள் அறையைச் சூடாக்குகிற புகாரி அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுப்போம், எவ்வளவு குளிரானாலும் சரி.

பண்ருட்டி_பலா
எல்லோரும் பாரிஸ், திராஸ் என்று போனால் எப்படி? இங்கே குளிர் இல்லை என்பது போல எழுதுகிறீர்கள். சுபேதார் ஐயா, உங்கள்மேல் மரியாதை உண்டு, ஆனால் குளிர் என்பது தெர்மாமீட்டர் மட்டும் இல்லை. தலைக்குமேல் கூரை இல்லாமல் மார்கழிப் பனியில் ஈரப்பாயில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தானே புயலைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் முந்திரித் தோப்பு ஒரே காலையில் படுத்துவிட்டது, பலா மரங்களும்தான். ஓடு பறந்துவிட்டது. பொங்கல் வரைக்கும் ஊரில் கரண்ட் இல்லை. பகலில் வேலை இருந்ததால் தெரியாது, ராத்திரிதான் கொடுமை. பிள்ளைகள் பல் அடித்துக்கொண்டு அழும்.

பின்தெரு ஆயா ஒருத்தி. அவளுக்கு நாலு பலா மரம்தான் சொத்து, நாலும் போச்சு. அவள்தான் முதலில் தெரு நடுவில் முந்திரிக் கிளைகளை இழுத்துப் போட்டுத் தீ வைத்தாள். இரண்டு தெரு ஜனமும் வந்து உட்கார்ந்தோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தணலில் புதைத்து எடுத்துப் பிள்ளைகளுக்குத் தோல் உரித்துக் கொடுத்தாள். விறகு தீர்ந்தபோது நான் அவள் பலாக் கட்டையைத் தூக்கினேன். கையைப் பிடித்துவிட்டாள். "அதை வைடா. வீணைக்குப் போற மரம். அடுப்புக்குப் போகாது" என்றாள்.

நிஜம்தான், தஞ்சாவூர் வீணைக்கு எங்கள் பக்கத்துப் பலாதான் போகும். எல்லாம் போன பிறகும் அந்தக் கணக்கு அவளிடம் அப்படியே இருந்தது. அந்தக் கட்டை விலை போனதா என்று எனக்குத் தெரியாது. அவள் பிடித்த பிடிதான் இன்னும் கையில் இருக்கிறது.

உப்பளம்_பொண்ணு
நான் ஹெல்சின்கியில் இருக்கிறேன். 2020ல் அம்மா புதுச்சேரியில் இறந்தபோது விமானம் இல்லை. போனில்தான் அடக்கம் பார்த்தேன். அந்த வருஷம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் போக முடியவில்லை. சாமந்தி வாங்கி, மெழுகுவத்தி ஏற்றி, உப்பளம் கல்லறையில் ராத்திரி வரைக்கும் உட்காருவோமே, நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

டிசம்பர் 24 அன்று இங்கே மூன்றே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஃபின்லாந்துக்காரர்கள் அன்றைக்குக் குடும்பமாகக் கல்லறைக்குப் போய் விளக்கு வைப்பார்கள். ஆபீஸில் யாரோ சொல்லிக் கேட்டு ஹியெதானியெமி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கண்ணுக்கு எட்டின வரைக்கும் விளக்கு. எனக்கு அங்கே யாருமில்லை, சும்மா நின்றேன்.

ஒரு பாட்டி என்னைக் கவனித்திருக்கிறாள். பக்கத்தில் வந்து, உன் ஆட்கள் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இந்தியாவில் என்றேன். வா என்று கூட்டிப்போய் ஒரு கல்லைக் காட்டினாள். வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்களுக்கான நினைவுக் கல். அதன் முன்னால்தான் விளக்குகள் அதிகம். அவள் புருஷனும் அந்த ஊரில் இல்லையாம். கையில் இருந்த இரண்டு விளக்கில் ஒன்றை என்னிடம் தந்து தீக்குச்சியும் உரசிக் கொடுத்தாள்.

என் பையில் ஒரு துண்டு விவிக்கம் கேக் இருந்தது. அம்மா செய்கிற மாதிரி ரவை வறுத்து, முந்திரியும் ரம்மில் ஊறிய பழமும் போட்டு நானே செய்தது. அதை அவளுக்குக் கொடுத்தேன். அங்கேயே நின்று தின்றாள். அதற்கப்புறம்தான் நான் அம்மாவுக்காக அழுதேன்.

லாஸ்பேட்டை_அண்ணன்
டொரண்டோ. பஸ் டெர்மினஸில் பனிக்காற்றில் நின்றோம். கிளம்ப நேரம் இருந்தும் டிரைவர் அம்மா கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தார். என் மகள் அவருக்கு "தேங்க்யூ ஆண்ட்டி" என்றாள். இதுதான் என் அனுபவம்.

ஆனால் இங்கே எழுதியவர்களைப் பார்த்தால் நிறையப் பேர் மனசு சோர்ந்து இருக்கிற மாதிரி தெரிகிறது, அதனால் சொல்கிறேன். உப்பளம் தங்கச்சி, வைட்டமின் டி பார்த்தீர்களா? நம்ம தோல் நிறத்துக்கு வெயில் அதிகம் வேண்டும். அங்கே குளிர்கால வெயிலில் உடம்பு அதைத் தயாரிக்கவே தயாரிக்காது. ஃபின்லாந்தில் பாலிலேயே சேர்த்துத்தான் விற்கிறார்கள், இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு டாக்டர் சொல்கிற அளவு மாத்திரை எடுங்கள். அடுத்தது, வெளிச்ச விளக்கு. 10,000 லக்ஸ் என்று போட்டிருக்கும், காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் அதன் முன்னால் காபி குடியுங்கள். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் நடந்துவிட்டு வாருங்கள். ஒரே கனமான கோட்டைவிட மூன்று மெல்லிய துணி மேல். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி மிளகு ரசம். வாரம் ஒரு தடவையாவது நம்ம ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுங்கள், அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முத்தியால்பேட்டை அக்கா, விரல் வெடிப்புக்குப் படுக்கப்போகும்போது வாஸ்லின் தடவிப் பருத்தி உறை போடுங்கள். கை மரத்துப்போனால் நல்ல சுடுதண்ணீரில் வையுங்கள்.

நெல்லிக்குப்பம்_சுபேதார்
தம்பி, கடைசி வரியை யாரும் கேட்கக் கூடாது. மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர்தான், அதையும் மரத்துப்போகாத இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். தேய்க்கவும் கூடாது. தோல் வெளுத்துக் கட்டையாகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பண்ருட்டித் தம்பிக்கு, நீங்கள் சொன்னது சரி. ஈரப்பாய் கொடுமை. நான் ஒத்துக்கொள்கிறேன்.

முதுநகர்_கரைக்காரன்
தை வரைக்கும் வாடைக்காற்று இருக்கும். ராத்திரி வலை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பும்போது உடம்பில் உப்புத்தண்ணி காய்ந்து காற்று ஊசியாகக் குத்தும். எங்கள் அப்பா காலத்திலிருந்து கரையில் சுக்குமல்லி காபி விற்கிற அம்மா ஒருத்தர். படகு லைட் தெரிந்ததுமே ஆள் எண்ணித் தம்ளர் வைப்பார். ஒருமுறை என் சித்தப்பா மகன் படகு வரவில்லை. அவனுக்கு வைத்த தம்ளரை வேறு யார் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. ஆறினதும் கொட்டிவிட்டு மறுபடி சூடாக ஊற்றினார், அப்புறம் மறுபடியும். இன்ஜின் நின்றுபோன அவன் வேறொரு படகில் கட்டி இழுக்கப்பட்டு வந்தது பொழுது நன்றாக ஏறிய பிறகு. காபி சூடாகத்தான் இருந்தது.

வில்லியனூர்_தாத்தா
உப்பளம் பொண்ணுக்கு ஒரு கேள்வி. என் பேரன் போன வருஷம்தான் ஹெல்சின்கிக்குப் படிக்கப் போனான். இந்த ஆகஸ்டில் அவன் பாட்டி, என் மனைவி, காலமாகிவிட்டாள். அவனால் வர முடியவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அந்தக் கல்லிடம் அவன் விளக்கு வைக்கலாமா?

உப்பளம்_பொண்ணு
தாராளமாக வைக்கலாம் தாத்தா. யாரும் மதம் கேட்பதில்லை. காற்றில் அணையாத மாதிரி மூடி போட்ட கல்லறை விளக்கு எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும், 24ஆம் தேதி கடைகள் சீக்கிரம் மூடிவிடுவார்கள், முந்தினநாளே வாங்கச் சொல்லுங்கள். பனியில் வழுக்கும், அடி நன்றாகப் பிடிக்கிற பூட்ஸ் போடட்டும். நான் மூன்று மணிக்கு வாசலில் இருப்பேன். பையனிடம் எனக்குத் தனிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், பாட்டி பேரையும் சேர்த்து. கேக் இரண்டு துண்டாகவே எடுத்து வருகிறேன்.