மூளையில் கசிவு இருப்பவருக்கு ஆஸ்பிரினா?

பூட்டுக்காரன்: மச்சான் பைக்கில் வரும்போது நாய் குறுக்கே ஓடி, விழுந்துவிட்டார். ஸ்கேனில் மூளையில் சின்ன ரத்தக்கசிவு, ஆபரேஷன் தேவையில்லை என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவிக் கட்டிலெல்லாம் காபி. அதற்கப்புறம்தான் கழுத்துக்கு சி.டி. ஆஞ்சியோ (சாயம் ஏற்றி ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். இடது பக்கக் கழுத்து நரம்பு உள்ளே கிழிந்திருக்கிறதாம். இப்போது ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்தவருக்கு ரத்தம் உறைய விடாத மாத்திரையா? ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்ய வேண்டியதுதானே?

நைட் டூட்டி: ஐசியு நர்ஸ் நான். அது நரம்பில்லை, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் ரத்தக்குழாய். நம்மூரில் இரண்டையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உள்சுவர் கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும், அது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து மூளைக்குப் போய் அடைக்கும். கை நழுவியது பெரும்பாலும் அதனால்தான். ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு அதே மாதிரி ரத்தம் உறைய விடாத குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு மாத்திரைக்கே பயப்படுகிறீர்கள், இரண்டு மாத்திரைக்கு வழி கேட்கிறீர்கள்!

பூட்டுக்காரன்: இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

கொங்கு வாத்தியார்: சிஸ்டர், மருந்து வேண்டும், சரி. ஆனால் ஏன் ஆஸ்பிரின்? ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெபாரினைச் சொட்டு சொட்டாக ஏற்றினால், கசிவு பெருகும்போது நிறுத்திவிடலாம். சில மணி நேரத்தில் வீரியம் இறங்கிவிடும், அவசரத்துக்கு முறிக்க புரோட்டமின் இருக்கிறது. ஆஸ்பிரின் தட்டணுவைப் பிடித்தால் ஒரு வாரம் விடாது. கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று பார்த்து 2021இல் வந்த ட்ரீட்-கேட் ஆய்வில் பக்கவாதம் வந்த 7 பேருமே ஆஸ்பிரின் பக்கம்.

நைட் டூட்டி: வாத்தியாரே, அதில் எதிர்ப்பக்கம் நின்றது வார்ஃபரின் வகை மாத்திரை, ஹெபாரின் சொட்டு இல்லை. பைக்கிலிருந்து விழுந்து மூளையில் கசிவோடு வந்தவர்களுக்கான ஆய்வும் இல்லை அது. இதே கேள்விக்கு 2015இல் வந்த கேடிஸ் ஆய்வில் 250 பேரைப் பார்த்தார்கள், ஆஸ்பிரின் மாதிரி தட்டணுவைப் பிடிக்கும் மருந்துக்கும் ஹெபாரின், வார்ஃபரின் வகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கொங்கு வாத்தியார்: 250 பேரில் பக்கவாதம் வந்ததே 4 பேருக்கு. அதில் வித்தியாசம் எங்கே தெரியும்? நாலு பேரை வைத்து நாட்டாமை சொல்ல முடியாது.

நைட் டூட்டி: அந்த 4 பேருக்குச் சொன்னது உங்கள் 7 பேருக்கும் பொருந்தும். ஹெபாரினை நிறுத்தலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். ராத்திரி ஒரு நர்ஸ் நாலு கட்டில் பார்க்கும் இடத்தில் அளவு கொஞ்சம் ஏறினாலும் மூளைக்கசிவுக்காரருக்கு ஆபத்து. பேப்பரில் படிப்பது வேறு.

ரெண்டாம் கியர்: மருந்துச் சண்டை இருக்கட்டும். கழுத்து ஆஞ்சியோவை முதல் நாளே ஏன் எடுக்கவில்லை? பூட்டுக்காரரே, எலும்பு எதுவும் உடைந்திருந்ததா?

பூட்டுக்காரன்: மேல்தாடை எலும்பு. கழுத்து முள்ளெலும்பில் ஒரு விரிசல். முதல் நாள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

ரெண்டாம் கியர்: அப்படிப் போடுங்கள். அடிபட்டவரில் யாருக்குக் கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லும் டென்வர் அளவுகோலில் இரண்டுமே வரும். கை நழுவும்வரை காத்திருக்க என்ன அவசியம்?

நைட் டூட்டி: தலையில் அடிபட்ட எல்லோருக்கும் ஆஞ்சியோ எடுக்க முடியாது, அந்தச் சாயம் கிட்னிக்கும் சுமை. ஆனால் கழுத்தெலும்பில் விரிசல் என்றால் எடுத்திருக்கணும். இதில் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

பூட்டுக்காரன்: நேற்று மறுபடி தலை ஸ்கேன் எடுத்தார்கள், கசிவு பெருகவில்லை. ஆஸ்பிரின் தொடர்கிறது, பத்தாம் நாள் கழுத்தை மறுபடி பார்ப்பார்களாம். ஹெபாரின் பற்றி டாக்டரிடம் கேட்டேன், "இந்த வார்டில் ஆஸ்பிரின்தான் எனக்குத் தைரியம்" என்றார். காலையில் மச்சான் டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார், இடது கையில்.