பழைய மடிக்கணினிக்கு எந்த எஸ்எஸ்டி?

கொக்குவில்காரன்:
என்னுடையது 2014 மடிக்கணினி. ஆளியை அழுத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்து வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போடலாமென்று யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் விலை கேட்டேன். 500 ஜிபியில், பழைய வகை இணைப்பான சாட்டாவைவிடப் புதிய வகையான என்விஎம்இ மூவாயிரம் ரூபாதான் கூட. வேகமோ வினாடிக்கு 550 எம்பிக்குப் பதிலாக 3,500 என்கிறார்கள். கூடக் கொடுத்து வாங்கவா?

திருநெல்வேலி அண்ணை:
தம்பி, பொறுங்கள். 2014 என்றால் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டாவுக்குத்தான் இடம் இருக்கும். முதலில் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். எம்.2 என்ற, சிறிய அட்டை செருகும் இணைப்பு இருந்தாலும் அது சாட்டாவுக்கு மட்டுமானதாக இருக்கலாம். நான் அப்படிப் பார்க்காமல் வாங்கிய ஒன்று இப்போதும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

சுன்னாகம் வீடியோக்காரன்:
கலியாண வீட்டு வீடியோவை நூறு ஜிபிக் கணக்கில் நகலெடுக்கும் எனக்குத்தான் அந்த 3,500 தெரியும். அதுவும் கியூஎல்சி என்ற மலிவான சிப் வகை என்றால், கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். வேர்ட் திறக்க இரண்டும் ஒன்றுதான். வேகத்தை விடுங்கள், உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

கொக்குவில்காரன்:
கழற்றிப் பார்த்தேன், சாட்டாதான். சரி, மிச்சக் காசுக்கு ராம் (நினைவகம்) கூட்டலாமா?

திருநெல்வேலி அண்ணை:
4 ஜிபிதான் இருக்கிறதென்றால் கட்டாயம். உங்கள் மடிக்கணினிக்கு வேண்டிய ராம் வகை டிடிஆர்3எல்லா என்று பார்த்து வாங்குங்கள்.