சென்னை மாநகராட்சி மாமன்றத்துக்கு அரசு மருத்துவமனையைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டா, இல்லையா?

கல்மண்டபம் கணக்கர்:
"வடசென்னையிலுள்ள அரசு மருத்துவமனைகள் அனைத்தையும் மேற்பார்வையிடும் அதிகாரம் மாமன்றத்தின் பொது சுகாதார நிலைக்குழுவுக்கு உண்டு, நம் உறுப்பினர்கள்தாம் சோம்பிக் கிடக்கிறார்கள்" என்று காசிமேட்டுக் காற்று என்ற பெயரில் எழுதும் தம்பி நேற்று வேறோர் இழையில் முழங்கியிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் மாநகராட்சிக் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில், பிழையைப் பிழை என்று சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. 200 வட்டங்களில் எந்த வட்டத்து உறுப்பினரும் ஸ்டான்லி மருத்துவமனையில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றச் சொல்ல முடியாது. அது மருத்துவக் கல்வித் துறையின் கீழ் இயங்கும் மாநில அரசின் நிறுவனம். 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கென்று சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறாவது இனத்தில் பொது சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை ஆகியவை இருக்கின்றன. "மருத்துவமனை" என்ற சொல் இல்லை. தம்பி வேண்டுமானால் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொள்ளலாம்.

காசிமேட்டுக் காற்று:
கணக்கர் ஐயாவின் உறக்கத்தைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன். பூதக்கண்ணாடி எனக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் கண்ணாலேயே பார்க்கக்கூடிய ஒரு கட்டடம் எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையை நடத்துவது யார்? மாநகராட்சி. அதன் பெயரிலேயே "மருத்துவமனை" இருக்கிறதே, அட்டவணையில் இல்லாத ஒன்றை ஐயா பணியாற்றிய அலுவலகம் இத்தனை காலமாக எப்படி நடத்தி வருகிறது? மும்பைக்குப் போனால், 1926இல் தொடங்கிய கே.இ.எம். மருத்துவமனையையும் அதனோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரியையும் மாநகராட்சியே நடத்துவதைப் பார்க்கலாம். அங்கிருப்பவர்களுக்கு வேறு அரசமைப்புச் சட்டமா? கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் ஸ்டான்லியைப் பற்றிக் கேள்வி கேட்டால் வானம் இடிந்து விழும் என்று ஐயா பயமுறுத்துவது, கோப்பை மூடிவைத்துப் பழகிய கையின் வழக்கமாகவே எனக்குத் தோன்றுகிறது.

கல்மண்டபம் கணக்கர்:
கோப்பை மூடிவைத்த கை என்று எழுதியதற்கு வயதை நினைத்து மன்னிக்கிறேன். என் வயதைச் சொல்லவில்லை, தம்பியின் வயதைச் சொல்கிறேன். மும்பை மாநகராட்சி 1888ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் இயங்குவது. நமக்கு 1919ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. இப்போது 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு சட்டத்தின் பிள்ளையை இன்னொரு சட்டத்தின் தொட்டிலில் போட முடியாது. தொற்றுநோய் மருத்துவமனையைப் பொறுத்தவரை, அது தொற்று நோய்த் தடுப்பின் ஒரு பகுதி, ஆகவே பொது சுகாதாரம், ஆகவே ஆறாவது இனம். நான் சொன்னது அப்படியே நிற்கிறது: சொல் இல்லை. கஞ்சித்தொட்டி என்ற கொச்சைப் பெயரை 1938 முதல் ஸ்டான்லி என்ற பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரியின் மருத்துவமனைக்குச் சூட்டுவதையும் தவிர்க்கலாம்.

எண்ணூர்க் கழிமுகம்:
சொல் இல்லை, சொல் இல்லை என்று ஐயா இரண்டு முறை சொல்லிவிட்டார். அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்பதை நான் சொல்கிறேன். ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையின் இருபத்து மூன்றாவது இனத்தில் "மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள் உள்ளிட்ட" என்று தெளிவாகவே இருக்கிறது. அதாவது, எங்களுக்கு வடக்கே இருக்கும் அத்திப்பட்டு ஊராட்சியின் தலைவருக்கு அட்டவணையில் மருத்துவமனை உண்டு. ரிப்பன் மாளிகையில் அமர்ந்திருக்கும் மேயருக்கு இல்லை. சரி, அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஊராட்சித் தலைவர் என்ன செய்துவிட முடிகிறது? தமிழ்நாட்டில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் மாநிலத்தின் பொது சுகாதாரத் துறையிடம் இருக்கிறது; மருத்துவரை நியமிப்பதும் மாற்றுவதும் அங்கேதான். அதே பதினொன்றாம் அட்டவணையை வைத்துக்கொண்டு கேரளத்தில் 1990களிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். அட்டவணையில் சொல்லே இல்லாத நகராட்சிகளிடம் அங்கே தாலுகா மருத்துவமனைகளையும் கொடுத்தார்கள். ஆக, சொல் இருந்தும் இங்கே இல்லை, சொல் இல்லாமலும் அங்கே இருக்கிறது. 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைப் பூட்டாமல் ஓடியபோது, எந்த அட்டவணையின் எந்த இனப்படி எங்கே சேர்ப்பது என்று யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

தங்கசாலை வாசகர்:
அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மேற்பார்வை என்று ஒருவர் எழுதுகிறார், கேள்வி கேட்பது என்று இன்னொருவர் எழுதுகிறார், நடத்துவது என்பதும் நடுவில் வந்து கலந்துவிட்டது. இவை மூன்றும் ஒன்றா? முதலில் கண்காணிப்பு என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

கல்மண்டபம் கணக்கர்:
கழிமுகம் அவர்களுக்கு: அத்திப்பட்டு மாநகராட்சிக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பேசுபொருள் சென்னை. உங்கள் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கம் நகராட்சி 2011இல்தான் மாநகராட்சிக்குள் வந்தது என்பதால், 1688இல் தொடங்கிய ஓர் அமைப்பின் மரபு உங்களுக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது இயல்பே. மரபு இதுதான்: பிறப்பு இறப்புப் பதிவு, கொசு ஒழிப்பு, தடுப்பூசி, மயானப் பராமரிப்பு, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை நம்முடையவை; ராயபுரத்தில் பிரசவத்துக்குப் பெயர்பெற்ற ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் ஸ்டான்லியும் மாநிலத்தினுடையவை. மாநிலங்கள் சட்டம் இயற்றக்கூடிய பொருள்களை அரசமைப்பு வரிசைப்படுத்தும் மாநிலப் பட்டியலின் ஆறாவது இனத்தில் "பொது சுகாதாரமும் துப்புரவும், மருத்துவமனைகளும் மருந்தகங்களும்" என்று சொல் சொல்லாக எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டிய இடத்தில் எழுதவும், வேண்டாத இடத்தில் விடவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சொல் இல்லாதது தற்செயல் அன்று.

எண்ணூர்க் கழிமுகம்:
2011இல் நாங்களாக ஓடி வந்து உங்கள் மாநகராட்சிக் கதவைத் தட்டவில்லை, ஐயா. 174 சதுர கிலோமீட்டர் நகரத்தை 426 சதுர கிலோமீட்டராக்கக் கத்திவாக்கத்தையும் திருவொற்றியூரையும் மணலியையும் மாதவரத்தையும் சேர்த்துக்கொண்டவர்கள் நீங்கள்தாம். எங்களுக்கென்று ஒரு நகர்மன்றமும் ஒரு தலைவரும் இருந்த காலத்தில், குறை சொல்ல நடந்தே போய் வருவோம்.

கொருக்குப்பேட்டை செவிலி:
இருபத்தெட்டு ஆண்டுகள் செவிலியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். கஞ்சித்தொட்டி கொச்சைப் பெயர் அன்று, கணக்கர் ஐயா. 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்றியோடு சொன்ன பெயர் அது. அது போகட்டும். நீங்கள் இருவரும் நம்முடையது, அவர்களுடையது என்று கோடு கிழிக்கிறீர்களே, அந்தக் கோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளேயே ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 2013இல் தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம் வந்த பிறகு, கட்டடம் மாநகராட்சியுடையதாகவும், பல பணியாளர்களின் ஒப்பந்த ஊதியம் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் தரும் நிதியிலிருந்து வருவதாகவும் ஆகிவிட்டது. மருந்து தீர்ந்தால் ஒரு மேசை, ஆள் இல்லையென்றால் வேறொரு மேசை. 2020 கோடையில் ராயபுரம் மண்டலம் நகரத்திலேயே மிக மோசமாகத் தொற்றால் அடிபட்டபோது, எங்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்க ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. காசிமேட்டுத் தம்பி உறுப்பினர்கள் சோம்பேறிகள் என்கிறார். அந்த ஐந்தாண்டுகளுக்கு மேல் அவர்கள் சோம்பியிருக்கவில்லை, இருக்கவே இல்லை.

காசிமேட்டுக் காற்று:
அம்மா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் சோம்பேறிகள் என்று நான் எழுதியது 2022க்குப் பிறகு வந்தவர்களைப் பற்றி. என் அக்காவுக்குப் பிரசவ வலி வந்த இரவில், மாநகராட்சி நிலையம் ஒன்றில் ஸ்கேன் பார்க்க ஆளில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே, முன்னமே அனுப்பியிருக்க வேண்டாமா என்று எங்களைக் கடிந்துகொண்டார்கள். சீட்டு எழுதியது மாநகராட்சி, சீட்டைப் படித்தது மாநிலம், இரண்டுக்கும் நடுவில் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போனவள் என் அக்கா. மறு வாரம் வட்ட உறுப்பினரிடம் போனேன். "பெரிய மருத்துவமனை நமக்கு வராதுப்பா" என்றார். நமக்கு வருகிற அந்தச் சின்ன நிலையத்தைப் பற்றியாவது மன்றத்தில் கேளுங்கள் என்றேன். தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார். கணக்கர் ஐயாவின் அட்டவணையை அவர் படித்திருக்கமாட்டார். ஆனால் அதன் பயன் முழுவதையும் அனுபவிக்கிறார்.

கல்மண்டபம் கணக்கர்:
தம்பியின் தமக்கைக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. தாயும் சேயும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் அந்த நிகழ்ச்சி என் வாதத்தையே உறுதிப்படுத்துகிறது என்பதைத் தம்பி கவனிக்கவில்லை: உறுப்பினர் "நமக்கு வராது" என்று சொன்னார் அல்லவா, அது சரியான விடை. சரியான விடையைச் சொன்னவரைச் சோம்பேறி என்பது முறையன்று. சின்ன நிலையத்தைப் பற்றி அவர் கேட்காதது வேறு செய்தி, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட தொற்றுநோய் ஒன்றைக் கண்டறிந்த மருத்துவர் சுகாதார அலுவலருக்குத் தகவல் தர வேண்டும். அதாவது, நோய் நம்முடையது, நோயாளி படுத்திருக்கும் கட்டில் அவர்களுடையது. இந்த நுட்பம் விளங்காதவர்கள் மாமன்றக் கேள்வி நேரத்தைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது. செவிலி சகோதரி சொன்ன நிதிப் பங்கீடு உண்மைதான். அதிலும் மருத்துவமனை என்ற சொல்லை நான் காணவில்லை.

கொருக்குப்பேட்டை செவிலி:
நோய் நம்முடையது, கட்டில் அவர்களுடையது. இதை எழுதும்போது ஐயாவுக்குச் சிரிப்பு வரவில்லையா?

காசிமேட்டுக் காற்று:
தாயும் சேயும் நலம், ஐயா. குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. அந்த நிலையத்தில் ஸ்கேன் பார்க்கும் பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டதா என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நுட்பம் விளங்காதவர்களும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம்.

எண்ணூர்க் கழிமுகம்:
சிரிப்பு வராது, சகோதரி. முப்பத்தோர் ஆண்டுகள் சிரிக்காமல் இருந்தவருக்குத்தான் ஓய்வூதியம் வரும். வேறொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் 500 நகர்ப்புற நல்வாழ்வு மையங்களை ஒரே நாளில் திறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். எங்கள் பக்கத்து மையத்தில் மாலையில் மருத்துவர் இருக்கிறாரா என்று போய்ப் பார்க்க எந்த அட்டவணையும் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் மரபு அப்படிப் போய்ப் பார்ப்பதில்லை. பழைய நகரத்துக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் அறிந்துவிடுவீர்கள்.

தங்கசாலை வாசகர்:
இரண்டாம் முறையாக வேண்டுகிறேன். பன்னிரண்டாம் அட்டவணை எந்த அதிகாரத்தையும் நேராக யாருக்கும் கொடுத்துவிடுவதில்லை. அரசமைப்பின் 243 டபிள்யூ பிரிவின்படி, அந்த அட்டவணையிலுள்ள பொருள்களைச் சட்டமன்றம் நகராட்சிகளிடம் ஒப்படைக்க*லாம்*. ஒப்படைத்தே தீர வேண்டும் என்று இல்லை. ஆகையால், அந்தச் சொல் இருக்கிறதா இல்லையா என்ற இந்த முழு விவாதமும் சட்டப்படி பெரிய பொருட்டே இல்லை. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நோயாளர் நலச் சங்கங்களில் உள்ளாட்சி உறுப்பினரை அமர வைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அங்கே அவர் என்ன கேட்கலாம் என்பதைப் பேசலாம். அதற்குத்தான் கண்காணிப்பு என்றால் என்ன என்று யாராவது வரையறுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

கல்மண்டபம் கணக்கர்:
கழிமுகம் அவர்களுக்கு ஒரு செய்தி: என் ஓய்வூதியம் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஈட்டியது, அதைப் பற்றிப் பேச 2011இல் வந்தவர்களுக்கு உரிமை இல்லை. காசிமேட்டுத் தம்பி பணியிடத்தைப் பற்றி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம்; இந்த இழை அதற்கான இடமன்று. தங்கசாலை நண்பர் இரண்டு முறை கேட்டுவிட்டதால் மரியாதைக்காகப் பதில் சொல்கிறேன். அட்டவணையை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பார்த்தேன். கண்காணிப்பு என்ற சொல்லும் அதில் இல்லை.