வியட்நாமிய நூடுல்ஸ் கடையில் முதல் கிண்ணம்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

வேப்பமரம், சிட்னி:

சிட்னி நகர மையத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கப்ரமாட்டாவுக்கு, நாங்கள் வசிக்கும் வென்ட்வொர்த்வில்லிலிருந்து ரயில் மாறாமலே போய்விடலாம். 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபின் அகதிகளாக ஆஸ்திரேலியாவுக்கு வந்த வியட்நாமியரில் பலர், அக்கம்பக்கத்துக் குடியேறிகள் விடுதிகளில் முதலில் தங்கியவர்கள் என்பதால், அந்த ஊரிலேயே கடை வைத்து வீடு கட்டி நிலைத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அங்கே போவது பெரும்பாலும் மரக்கறி வாங்குவதற்குத்தான். வல்லாரையும் வாழைப்பொத்தியும் முருங்கையிலையும் அவர்களுடைய சமையலிலும் உண்டு என்பதால் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வல்லாரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அம்மாவுக்குப் பசி எடுத்ததால், பக்கத்தில் இருந்த சிறிய நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தோம். பத்துப் பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொன்றிலும் குச்சிகளும் கரண்டிகளும் நிறைந்த பெட்டி, மிளகாய்ச் சாஸ், கேட்காமலே வந்து சேரும் சூடான தேநீர்க் குடுவை. வாசலைப் பார்த்தபடி தரையோடு தரையாக ஒரு சிவப்பு மாடம் இருந்தது. அதனுள் நிலத்தின் தெய்வத்துக்கு வாழைப்பழமும் ஒரு குவளைக் கோப்பியும் படைத்து ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அம்மா பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு மட்டுமே சாப்பிடுகிறவர். உணவுப் பட்டியலில் மரக்கறி நூடுல்ஸ் என்று இருந்ததைக் காட்டிக் கேட்டேன். கடைக்கார அம்மா குறித்துக்கொள்ளவில்லை, பேனையை மேசையில் வைத்துவிட்டு, “உங்கள் அம்மா மீனும் சாப்பிடுவதில்லையா?” என்று கேட்டார். இல்லை என்றதும், அந்தக் கிண்ணத்தில் மேலே போடுவது மட்டும்தான் மரக்கறி என்றும், சாறு மாட்டெலும்பில் இரவெல்லாம் கொதித்தது என்றும், உப்புக்குப் பதிலாக நெத்தலி மீனை உப்பிலிட்டு வடித்த நுக் மாம் சேர்த்தது என்றும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பிறகு சுவரில் தொங்கிய, நாள்தோறும் கிழிக்கிற தாள் நாட்காட்டியைக் காட்டினார். ஒவ்வொரு தாளிலும் ஆங்கிலத் திகதிக்குக் கீழே சந்திர மாதத்து நாளும் அச்சாகியிருந்தது. முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் அவர்கள் புலால் தொடுவதில்லை; அந்த இரண்டு நாள்களில் வேறு பானையில் வேறு சாறு வைப்பார்களாம். “சனிக்கிழமை பதினைந்து, அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லி, இப்போதைக்கு ஒரு தட்டுப் பழம் மட்டும் வெட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நான் இந்த ஊரில் இருபது வருடமாக உணவகங்களில் சாப்பிடுகிறேன். கரண்டி மட்டும் வேறாக இருந்தால் சைவம் ஆகிவிடும் என்று நினைக்கும் இடங்களில் அம்மாவோடு எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறேன். கையில் வந்த வியாபாரத்தைத் தானே வேண்டாம் என்று சொன்ன ஒருவரை அன்றைக்குத்தான் கண்டேன்.

சனிக்கிழமை போனோம். முள்ளங்கி, கரட், காய்ந்த காளான், தணலில் வாட்டிய இஞ்சி, கருவாப்பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய தெளிந்த சாறு வந்தது. பௌத்த நோன்புச் சமையலில் வெங்காயமும் உள்ளியும்கூடச் சேர்ப்பதில்லை என்று கடைக்கார அம்மா சொன்னதும், விரத நாளில் தானும் அப்படித்தான் சமைப்பதாக அம்மா சொன்னார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் மரக்கறி உணவை ‘சை’ என்றுதான் அழைக்கிறார்கள் என்பதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. நம்முடைய ‘சைவம்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் வேரில் உறவு கிடையாது என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடைவழி, சென்னை:

வேப்பமரத்தின் பதிவைப் படித்ததும் என்னுடைய கடைக்காரரின் நினைவு வந்தது. 2018இல் வேலை நிமித்தம் நான்கு மாதங்கள் ஹோ சி மின் நகரில் தங்கியிருந்தேன்; அங்குள்ளவர்கள் இன்றும் அதைச் சைகோன் என்றே சொல்கிறார்கள். என் அறை இருந்த சந்தில், காலை ஆறு மணிக்கே முழங்கால் உயரப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு ஒரு பெண்மணி ஃபோ என்னும் நூடுல்ஸ் சாறு விற்பார்.

முதல் நாள் கிண்ணம் வந்தவுடன் நான் செய்த காரியம், மேசையிலிருந்த கறுப்புச் சாஸையும் மிளகாய்ச் சாஸையும் எடுத்துச் சாற்றில் ஊற்றப்போனதுதான். அவர் விரைந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, கரண்டியைக் கையில் கொடுத்து, முதலில் சாற்றைக் குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இனிப்பென்று சொல்ல முடியாத ஓர் இனிப்பு, அதன் பின்னால் பட்டையும் கிராம்பும், அடியில் சுட்ட வெங்காயத்தின் மெல்லிய புகைமணம். பிரியாணியில் முரசறைந்து வரும் அதே மசாலாப் பொருள்கள் இங்கே திரைக்குப் பின்னால் நின்று பேசுகின்றன என்று எனக்குத் தோன்றியது. நான் தலையசைத்த பிறகே என் மணிக்கட்டை விட்டார். சாஸை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, இறைச்சித் துண்டை மட்டும் அதில் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று காட்டினார்.

பிறகு பல நாள்கள் அவர் வேலை செய்வதைக் கவனித்திருக்கிறேன். மாட்டெலும்புகளை ஒரு கொதி கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எலும்புகளைக் கழுவிப் புதிய தண்ணீரில் மீண்டும் ஏற்றுவார். சாறு தெளிவாக இருப்பதற்கு அந்த முதல் தண்ணீரைக் கொட்டுவதும், பிறகு எட்டுப் பத்து மணி நேரம் அடுப்பைத் தணித்தே வைத்திருப்பதும்தான் காரணம். பொங்கிக் கொதித்தால் கலங்கிவிடும். ‘தாய்’ என்று கேட்டால், காகிதம் போல் சீவிய பச்சை இறைச்சியை நூடுல்ஸின் மேல் பரப்பிக் கொதிக்கும் சாற்றை ஊற்றுவார். அந்தச் சூட்டிலேயே அது வெந்துவிடும்.

உடன் வரும் தட்டில் முளைப்பயறு, ஒரு துளசி வகை, ரம்பம் போன்ற விளிம்பும் கொத்தமல்லி மணமும் உள்ள ஒரு கீரை, எலுமிச்சை ஆகியவை இருக்கும். இது தெற்கின் வழக்கம். ஃபோ பிறந்தது வடக்கே, ஹனோய், நாம் தின் பக்கம். 1954இல் நாடு இரண்டானபோது தெற்கே வந்த லட்சக்கணக்கான வடக்கத்தியர்களோடு அதுவும் சைகோனில் பரவி, அங்கே கீரையும் சாஸும் சேர்ந்துகொண்டது. ஹனோயில் பூண்டு ஊறிய வினிகரும் பச்சை மிளகாயும் வைப்பார்கள். பொரித்த மாவுத் துண்டைச் சாற்றில் நனைத்துச் சாப்பிடுவார்கள்.

அந்தக் கடையில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. பரிமாறுகிறவர் மூத்தவரென்றால் ‘சி’, அதாவது அக்கா, இளையவரென்றால் ‘எம்’. தன்னைக் குறிப்பதற்கும் ‘நான்’ என்ற சொல்லைவிட உறவுமுறைச் சொல்லே முந்திக்கொண்டு வருகிறது. மூன்றாவது வாரம் நானும் “சி ஓய்” என்று அழைத்தபோது, நம்மூர்த் தேநீர்க் கடையில் ‘அக்கா’ என்று கூப்பிட்டது போலவே இருந்தது. நான் தமிழன் என்று தெரிந்ததும், பென் தான் சந்தைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குத் தான் போவதுண்டு என்று கைகூப்பிக் காட்டினார். அவர்கள் வழக்கில் அது ‘இந்திய அம்மன் கோயில்’.

குறிஞ்சி, பாரிஸ்:

நடைவழி சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பாரிஸ் 13ஆம் வட்டாரத்தில், சுவாசி அவென்யூவில் நான் வழக்கமாகப் போகும் கடையில், பக்கத்து மேசையில் அமரும் சைகோன் முதியவர்களே சாற்றில் சாஸ் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. சாற்றை முதலில் சுவைக்க வேண்டும் என்பது சரி. அதற்குப் பின் கிண்ணம் சாப்பிடுகிறவருடையது. புதிதாகப் போகிறவர்கள் வெந்நீரில் வாட்டிய வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள். ‘ஹான் சன்’ என்று கேட்டால், கடைக்காரர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

வேப்பமரம், சிட்னி:

அம்மா இன்னும் அந்தக் கடைக்குப் போகிறாரா என்று தனிமடலில் கேட்டிருந்தீர்கள். மாதம் ஒரு முறையாவது போகிறோம். சென்ற தெத் புத்தாண்டுக்குக் கடைக்கார அம்மா அதேபோன்ற ஒரு தாள் நாட்காட்டியை அம்மாவுக்குக் கொடுத்தார். எங்கள் சமையலறையில் பஞ்சாங்க நாட்காட்டிக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. அவர்களுடைய பதினைந்தாம் நாளும் நம்முடைய பூரணையும் சில மாதங்களில் ஒரு நாள் முன்பின்னாக வரும். அந்த மாதங்களில் வீட்டு விரதத்துக்குப் பஞ்சாங்கத்தையும், கப்ரமாட்டாவுக்குப் போவதற்கு மற்றதையும் அம்மா பார்த்துக்கொள்கிறார்.