ரிலையன்ஸின் பழைய விலைத் தரவு: 2023 பிரிப்பை எப்படிச் சரிசெய்வது?

வணக்கம். தேசியப் பங்குச் சந்தையின் தினசரி விலைக் கோப்புகளைக் கொண்டு ரிலையன்ஸ் பங்கின் நீண்டகால வருவாயை எக்செலில் கணக்கிட்டு வருகிறேன்; ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

2017 செப்டம்பரிலும் 2024 அக்டோபரிலும் வந்த 1:1 போனஸ்களுக்கு (ஒரு பங்குக்கு ஒரு இலவசப் பங்கு) முந்தைய விலைகளை இரண்டால் வகுத்ததும் வரைபடத்தின் அந்தச் செங்குத்துச் சரிவுகள் மறைந்துவிட்டன. சிக்கல் 2023 ஜூலை 20-இல்தான். ரிலையன்ஸின் நிதிச் சேவைப் பிரிவான ஜியோ ஃபைனான்ஷியல் தனி நிறுவனமாகப் பிரிந்த அன்று, முந்தைய நாள் 2,841.85 ரூபாயில் முடிந்திருந்த பங்கின் விலை சிறப்பு முன்வர்த்தகத்தில் 2,580 ரூபாயாக நிர்ணயமானது; குறைந்த 261.85 ரூபாய் இழப்பே அல்ல, புதிய பங்காக முதலீட்டாளர் கைக்கு வந்த மதிப்பு.

இரு இலவசத் தளங்களின் திருத்திய விலைகளை ஒப்பிட்டேன். ஒன்று இதைச் சரிசெய்கிறது, மற்றது அப்படியே விட்டுவிடுகிறது. நிறுவனம் அறிவித்த 4.68 சதவீதத்தையும் போட்டுப் பார்த்தேன். அது வரிக்கான அடக்கவிலைப் பகிர்வு (பங்கை வாங்கிய விலையில் ஜியோ ஃபைனான்ஷியலுக்கு ஒதுக்கும் பகுதி) என்பதால் பள்ளம் முழுதாக மூடவில்லை.

வருவாய்க் கணக்குக்கு, பிரிப்புக்கு முந்தைய விலைகள் அனைத்தையும் 2,580/2,841.85, அதாவது சுமார் 0.908 ஆல் பெருக்குவது சரியான முறைதானா?