இன்டி ஆல்பத்துல உங்கள உலுக்குனது எது, எங்க வச்சுக் கேட்டீங்க?

ரெண்டு நாளா எது பெஸ்ட் இன்டி ஆல்பம்னு (பெரிய மியூசிக் கம்பெனிங்க இல்லாம சின்னக் கம்பெனிங்க வழியா வர்றது) இங்க ஓடற சண்டைய முழுசாப் படிச்சேன். ஆளாளுக்கு லிஸ்ட் போடறீங்க, சரி, ஆனா அந்த ஆல்பம் உங்ககிட்ட எப்படி வந்து சேந்துச்சு, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. நானே ஆரம்பிக்கறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

2016 ஜூன்ல ஆன்சைட்னு என்னைய கென்டக்கில இருக்கற லூயிவில்லுக்கு அனுப்புனாங்க. முகமது அலி பொறந்த ஊரு அது, நான் போய் எறங்குன வாரம்தான் அவரோட இறுதி ஊர்வலம், ரோடு முழுக்க ஜனம். எனக்கோ ஊரு புதுசு, கார் இல்ல, அப்பா தவறி ஒரு வருஷம் கூட ஆகல. டீம்ல ஒரு அமெரிக்கக்காரர் இருந்தாரு, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், தெனமும் சாயங்காலம் என்னைய ரூம்ல எறக்கி விட்டுட்டுப் போவாரு, அதிகம் பேச மாட்டாரு. ஒரு நாள் அவரு கார்ல ஒரு பாட்டு ஓடுது, ஒரு கிதார் மெதுவா நெருடிக்கிட்டே இருக்கு, அதுக்கு மேல ஒருத்தன் பாடல, பேசறான், திருவிழாவுக்குப் போன கதைய பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி சொல்லிட்டே வர்றான், திடீர்னு மொத்த பேண்டும் மேல வந்து விழுது. நான் பயந்தே போயிட்டேன். என்னன்னு கேட்டேன். பேண்டு ஸ்லிண்ட், ஆல்பம் ஸ்பைடர்லேண்ட், இந்த ஊர்ப் பசங்கன்னாரு.

இந்த ஊர்ப் பசங்கன்னு அவரு சொன்ன விதத்துல ஒரு பெருமையும் இருந்துச்சு, ஒரு வருத்தமும் இருந்துச்சு. பெறகுதான் கதை முழுசாத் தெரிஞ்சுது. இருபது வயச ஒட்டுன நாலு பசங்க, 1990 ஆகஸ்ட்ல சிகாகோ போய் நாலே நாள்ல ரெக்கார்ட் பண்ணிருக்காங்க. ஆறே பாட்டு, நாப்பது நிமிஷம் கூட இல்ல. 1991 மார்ச்ல டச் அண்ட் கோங்கற சின்ன லேபிள், அதாவது ரெக்கார்ட் கம்பெனி, வெளியிடுது, ஆனா அதுக்குள்ள பேண்டே கலைஞ்சு போச்சு. பின்னட்டைல பாடறதுக்குப் பெண்குரல் வேணும், விருப்பம் இருந்தா எழுதுங்கன்னு ஒரு அட்ரஸ் வேற போட்டிருக்கும், அதப் பாக்கறப்பல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிரும். அப்ப இங்கிலாந்துல மெலடி மேக்கர் பத்திரிகைல ஸ்டீவ் ஆல்பினிங்கற இசைக்காரர் பத்து ஸ்டார் குடுத்து எழுதுனாரு, ஆனாலும் வாங்குன ஆளு கம்மிதான், ஒருத்தர் கேட்டு இன்னொருத்தருக்கு காப்பி பண்ணிக் குடுத்து அப்படித்தான் பரவியிருக்கு.

கடைசிப் பாட்டுல கப்பல் ஒடஞ்சு கரை ஒதுங்குன ஒரு கேப்டன் ராத்திரில ஒரு வீட்டுக் கதவத் தட்டறான், உள்ள ஒரு சின்னப் பையன். ஏழு நிமிஷத்துக்கு மேல முணுமுணுப்பாவே போற பாட்டு, முடியற எடத்துல உன்ன தேடுதுடான்னு தொண்ட கிழியக் கத்தறான். நான் அன்னைக்கு ரூமுக்கு நடந்தே போயிக்கறேன்னு நடுரோட்டுல எறங்கிட்டேன். அவரும் ஒண்ணும் கேக்கல. அப்பா செத்தப்ப அழுகாதவன் நான், வேலையெல்லாம் எடுத்துப்போட்டு செஞ்சிட்டு இருந்தேன், ஓஹையோ ஆத்தோரத்துல ஒரு பெஞ்சுல உக்காந்து அன்னைக்குத்தான் அழுதேன்.

அதனால எனக்கு இதான் நம்பர் ஒன். இங்க பாதிப் பேரு சொல்ற, மை பிளடி வாலன்டைன் பேண்டோட லவ்லெஸ்ஸும் அதே 1991 தான், ஆனா அதுக்கு ரெண்டு வருஷம், பத்தொம்போது ஸ்டுடியோ, தண்ணியாக் காசு. அவ்வளவு நேரமும் காசும் குடுத்தா யார் வேணும்னாலும் ஒரு சத்தத்தக் கொண்டு வந்துரலாம்னு தோணுது. நாலு நாள்ல, யாருமே எதிர்பாக்காத எடத்துல இருந்து வந்தது பெருசா இல்லயா?

* * *

தம்பி, நான் லண்டனில இருக்கிறன். நீங்கள் எழுதினதப் பாத்திட்டு இரவே இருந்து ஸ்பைடர்லேண்ட் கேட்டனான், அந்தக் கடைசிப் பாட்டு முடிய நானும் கன நேரம் எழும்பேல்ல. உங்கட அப்பாவுக்காக மனம் கனத்திட்டுது. ஆனா காசிருந்தா ஆரும் செய்யலாம் எண்ட கதைய மட்டும் நான் விடமாட்டன்.

மை பிளடி வாலன்டைன்ல கெவின் ஷீல்ட்ஸ் கிதார் அடிக்கேக்க வலது கையால சுருதிய வளைக்கிற அந்த ட்ரெமலோ கம்பியப் பிடிச்சபடியேதான் அடிப்பார், அதாலதான் ஒவ்வொரு கோர்டும் (சேத்து அடிக்கிற சுரங்கள்) வளைஞ்சு வளைஞ்சு மிதக்கிற மாதிரிக் கேக்கும். அது காசில வாற விசயம் இல்ல, கையில வாற விசயம். அந்த பாண்டில பாடுற பிலிண்டா புட்சர் விடிய நித்திரையால எழும்பின கையோட பாடின குரல் அதில இருக்கு, அதுதான் அப்பிடி அரை மயக்கமாக் கேக்கும். பத்தொன்பது ஸ்டுடியோ ஏறி இறங்கினது மண்டைக்குள்ள கேட்ட சத்தம் வெளியில வரேல்ல எண்டதாலதான். அந்த ஆல்பம் வந்த பிறகு கிரியேஷன் லேபிளே அவையள விட்டிட்டுது, அடுத்த ஆல்பம் வர 2013 ஆச்சு. ரெண்டு வருசம் எண்டு சொல்லுறது லேசு, அந்த மனிசன் குடுத்த விலை பெரிசு.

2008 ஜூன் மாசம் கம்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில அவையள நேரில பாத்தனான். வாசல்லயே காதுக்கு வைக்கிற பஞ்சு தந்தவை, நான் உதெல்லாம் என்னத்துக்கு எண்டு பொக்கற்றுக்க வச்சிட்டுப் போனன். கடைசிப் பாட்டில ஒரே ஒரு கோர்ட், இருவது நிமிசம் இருக்கும், நிப்பாட்டாமல் அடிச்சவை. காதால கேக்கிறதெண்டு சொல்லேலாது, நெஞ்சாங்கூடு அதிருது, காற்சட்டைத் துணி காலில பட்டு நடுங்குது. கொஞ்ச நேரத்தால அந்தச் சத்தத்துக்குள்ள ஒரு அமைதி வந்துது, கோயில்ல திருவிழா மேளம் உச்சத்தில நிக்கேக்க வருமே, அது மாதிரி. வெளியில வந்து ஸ்டேசன் மட்டும் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல.

உப்பிடிச் சொன்னாலும் என்ர முதல் இடம் லவ்லெஸுக்கும் இல்ல. எம்.ஐ.ஏ. எண்ட பேரில பாடுற எங்கட தமிழ்ப் பிள்ளை மாயாவின்ட அருளர், 2005. உது இன்டியோ எண்டு ஆரும் கேக்கப் போறியள், தெரியும். பிரிட்டனில 1980 ஜனவரியில இன்டி சார்ட் தொடங்கேக்க கிதார் இருக்கோ இல்லையோ எண்டு ஆரும் பாக்கேல்ல, பெரிய கொம்பனியளின்ட விநியோகத்துக்கு வெளியால வந்துதோ எண்டதத்தான் பாத்தவை. அருளர் வந்தது எக்ஸ்எல் லேபிள்ல. ரோலண்ட் எம்சி-505 எண்ட ஒரு தாள மிசினில தட்டித் தட்டித் தொடங்கின பாட்டுகள் அது. உது இன்டி இல்லையெண்டா வேற எது?

அந்த நேரம் நான் பெற்றோல் ஸ்டேசன்ல இரவு வேலை. சீடியை வாங்கிக்கொண்டு விடிய வீட்ட வந்து குசினி மேசையில வச்சன், அம்மா கண்ணாடியப் போட்டு எழுத்துக்கூட்டி வாசிச்சா. அருளர். இது ஆற்ற பேர் எண்டு கேட்டா. அந்தப் பிள்ளையின்ட தகப்பனின்ட இயக்கப் பேர் எண்டு சொன்னன். அம்மா பேசாமல் சீடியத் திருப்பித் திருப்பிப் பாத்தா, பிறகு போடு கேப்பம் எண்டா. அம்மாவுக்கு அந்தப் பாட்டு ஒண்டும் பிடிக்கேல்ல, ஆனா முடியும்வரைக்கும் இருந்து கேட்டவ. எங்கட பேர் ஒண்டு இங்கத்தைய கடையில தட்டில நிக்குது எண்டதே அண்டைக்கு எங்களுக்குப் பெரிய விசயம். பிறகு 2007ல தாயின்ட பேரில காலா வந்துது, அதுக்குச் சென்னையில உருமி அடிக்கிற ஆக்களோட பதிஞ்சவ. பாட்டெண்டு பாத்தா காலாதான் கூடத் திறம், நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா அம்மா எழுத்துக்கூட்டினது அருளர்.

* * *

அக்கா நீங்க எழுதினது சூப்பர். நான் சின்னதா ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். மாஸ்டர்ஸ்க்கு கிளாஸ்கோ போயிருந்தேன், முதல் குளிர்காலமே உடம்புக்கு முடியாம மூணு வாரம் படுக்கை. வீட்டு ஓனரம்மா சூப் கொண்டு வந்து குடுப்பாங்க, ஒரு நாள் கீழ அவங்க ஹால்ல வந்து படுத்துக்கோன்னு சொல்லி ஒரு ரெக்கார்ட போட்டாங்க, பெல் அண்ட் செபாஸ்டியன்ங்கற பேண்டோட டைகர்மில்க். 1996ல அந்த ஊர் ஸ்டோ காலேஜ்ல மியூசிக் பிசினஸ் கோர்ஸ் பசங்க வெளியிட்டது, மொத்தமே ஆயிரம் காப்பிதான் போட்டாங்க, 1999ல மறுபடி வர்ற வரைக்கும் கேசட்ல காப்பி பண்ணித்தான் ஊரே கேட்டிருக்கு. அந்த ஆயிரத்துல ஒண்ணு அவங்க வச்சிருந்தாங்க! அதுல பாட்டு எழுதின ஸ்டூவர்ட் மர்டாக் பல வருஷம் உடம்பு முடியாம வீட்லயே முடங்கிக் கெடந்து, அந்தக் காலத்துலதான் பாட்டு எழுத ஆரம்பிச்சார்னு அவங்கதான் சொன்னாங்க. படுத்துக்கிட்டே கேட்டதாலயோ என்னவோ, அந்த மெல்லிசான குரல் எனக்கு மருந்து மாதிரி இருந்துச்சு. எது கிரேட்னு எனக்குச் சொல்லத் தெரியல, ஆனா காய்ச்சல் வந்தா இன்னைக்கும் அததான் போடறேன்.

* * *

அக்கா, நான் ஆரம்பிச்ச பேச்சுங்கறதால நானே வந்து சொல்லிடறேன். காசு பத்தி நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். நீங்க எழுதுனதுக்கப்பறம் நேத்து ராத்திரி நல்ல ஹெட்போன்ல லவ்லெஸ் முழுசாக் கேட்டேன், முன்னாடி போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டுப் பேசிட்டேன், அது தப்பு. அந்த வளைஞ்சு மிதக்கறது இப்பத்தான் காதுல ஏறுச்சு. அருளர் விஷயத்துல உங்களோட எனக்கு சண்டையே இல்ல, இன்டின்னா கிதார் தூக்கிட்டு சோகமா நிக்கறதுன்னு நாமளே ஒரு வேலி போட்டுக்கிட்டோம்.

ஆனா என் நம்பர் ஒன் மாறாது. நான் ஊரு திரும்புனப்ப அந்த மனுஷன் ஏர்போர்ட்ல ஸ்பைடர்லேண்ட் ரெக்கார்ட என் கைல குடுத்தாரு. ரெக்கார்ட் வாங்க பார்ட்ஸ்டவுன் ரோட்டுல இயர் எக்ஸ்டசின்னு ஒரு கடை இருந்துச்சு, 2011லயே மூடிட்டாங்கன்னு அடிக்கடி சொல்லுவாரு, இருந்திருந்தா அங்க கூட்டிட்டுப் போயே வாங்கித் தந்திருப்பேன்னாரு. மதுரைல எங்க வீட்ல டர்ன்டேபிள் கெடையாது, அத டிவிக்குப் பக்கத்துல அப்பா போட்டோவுக்குக் கீழ சாத்தி வச்சிருக்கேன். அட்டைல கல்குவாரித் தண்ணிக்குள்ள நாலு பசங்க, கறுப்பு வெள்ளைல தல மட்டும் தெரியும். இந்தியானா பக்கம் யூட்டிக்காங்கற எடத்துல எடுத்த போட்டோ அது. அம்மா ஒரு நாள் தூசி தொடைக்கறப்ப அதக் கைல எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டு, யாருடா இந்தப் பயலுக, கெணத்துல குளிக்கறாங்களான்னு கேட்டாங்க.

ஆமாம்மான்னேன்.