சீட்டுப்படி போட்ட கண்ணாடி, ஆனாலும் மங்கல்: 2,000 ரூபாய்க்குள் என்ன வழி? (தருமபுரி)

பாலக்கோடு வாசி:
வணக்கம். அப்பாவுக்கு வயது 58. அரசு மருத்துவமனையில் சோதித்துக் கொடுத்த சீட்டு இது. வரிசை: ஸ்பியர் (பொதுப் பவர்) / சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் கூடுதல் பவர்) × ஆக்சிஸ் (அதன் கோணம்).
வலது: +0.50 / +1.00 × 180
இடது: +0.75 / +0.75 × 180
ஆட் (படிக்கிற பகுதிக்கு): இரண்டு கண்ணுக்கும் +2.25

தருமபுரி டவுனில் ப்ரோக்ரசிவ் லென்ஸ் (மேலே தூரம், கீழே படிப்பு, நடுவில் கோடு இல்லாதது), ஃப்ரேம் சேர்த்து 6,500 ரூபாய் சொன்னார்கள். கட்டுப்படியாகவில்லை. ஆன்லைனில் 1,900க்கு ஆர்டர் போட்டோம். அங்கே சிலிண்டர் கட்டத்தில் மைனஸ் எண்கள் மட்டும்தான் இருந்தன, +1.00க்கு −1.00, +0.75க்கு −0.75 என்று கொடுத்தோம். பி.டி. (இரண்டு கண் பாப்பாவின் நடுவுக்கும் இடையே உள்ள மி.மீ. தூரம்) 63 என்று முன்பே நிரப்பியிருந்தது, மாற்றவில்லை. வந்த கண்ணாடியில் பஸ் போர்டும் தெரியவில்லை, பேப்பரும் தெரியவில்லை. பத்து நாள் போட்டால் பழகிவிடும் என்கிறார்கள். பழகுமா? இல்லையென்றால் 2,000க்குள் வேறு வழி உண்டா? ரெடிமேட் +2.25 வாங்கிப் படித்தால் போதாதா?

லென்ஸ் பட்டறை, கிருஷ்ணகிரி:
பழகாதுங்க, கழற்றி வைக்கச் சொல்லுங்க. சிலிண்டரின் குறியை மட்டும் தனியாக மாற்ற முடியாது. அதை மாற்றினால் மூன்று எண்ணும் மாறும். முதல் எண்ணோடு சிலிண்டரைக் கூட்டினால் புது ஸ்பியர். அடுத்து சிலிண்டரின் குறியைத் திருப்பணும். கடைசியாக ஆக்சிஸ்: 90 வரை இருந்தால் 90 கூட்டணும், அதற்கு மேல் என்றால் 90 கழிக்கணும். ஆட் அப்படியே நிற்கும். உங்கள் சீட்டு இப்படி வரும்:
வலது: +1.50 / −1.00 × 90
இடது: +1.50 / −0.75 × 90

நீங்க ஆர்டர் செய்ததில் வலது கண்ணுக்குச் செங்குத்துத் திசையில் +1.50 இருக்க வேண்டிய இடத்தில் −0.50 வந்திருக்கு. இரண்டு டயாப்டர் (பவரின் அலகு) குறைவு. இடது கண்ணில் ஒன்றரை குறைவு. எதிர் வீட்டு ஜன்னல் கம்பியை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லுங்க. நிற்கிற கம்பி தெளிவாகவும் படுத்த கம்பி கலங்கியும் தெரிந்தால் கோளாறு இதேதான்.

எந்த ஆப்டிகல்ஸிலும் லென்சோமீட்டர் இருக்கும். “இதுல என்ன பவர் இருக்கு, சிலிண்டர், ஆக்சிஸோட எழுதிக் குடுங்க” என்று கேளுங்க, ஐந்து நிமிஷ வேலை. அந்தத் துண்டுச் சீட்டை வைத்து, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் விற்றவரிடம் பேசுங்க. ஆர்டரில் போட்ட எண்ணும் லென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் அவர்கள் தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; லென்ஸ் மட்டும் மாற்ற எவ்வளவு என்று கேட்பதுதான் பேச்சு.

ஊத்தங்கரை ஆப்டோ:
அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா பவரைத் திருத்தினாலும் அந்த 63 உதைக்கும். ப்ரோக்ரசிவில் படிக்கிற பகுதிக்குப் போகிற பாதை குறுகலானது, பி.டி. நாலு மில்லிமீட்டர் தள்ளினாலே தலையைத் திருப்பித் திருப்பித் தேடணும்.

அளக்க ஒரு மில்லிமீட்டர் ஸ்கேல் போதும். அப்பாவுக்கு நேர் எதிரே, ஒரே உயரத்தில், 40 செ.மீ. தள்ளி உட்காருங்க. உங்க வலது கண்ணை மூடி, அவரை உங்க இடது கண்ணைப் பார்க்கச் சொல்லி, அவருடைய வலது பாப்பாவின் நடுவில் பூஜ்யத்தை வையுங்க. ஸ்கேல் அசையாமல், இப்போ இடதை மூடி வலதைத் திறங்க. அவர் அந்தக் கண்ணைப் பார்க்கணும். அவருடைய இடது பாப்பாவின் நடுவில் வரும் எண்தான் பி.டி. மூன்று தரம் எடுங்க.

இன்னொரு அளவு இருக்கு: பாப்பா ஃப்ரேமின் அடி விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. மேலே நிற்குது என்பது. ஃப்ரேம் முகத்தில் உட்கார்ந்தால்தான் அதைப் பேனாவால் குறிக்க முடியும். அதனால என் கருத்து: ப்ரோக்ரசிவை ஆன்லைனில் வாங்கவே வேண்டாம். சிங்கிள் விஷன் (லென்ஸ் முழுக்க ஒரே பவர்) வாங்கலாம்.

லென்ஸ் பட்டறை, கிருஷ்ணகிரி:
2,000க்குள் முடிக்க டி-பைஃபோகல் (தூர லென்ஸின் கீழ்ப் பகுதியில் படுத்த D வடிவில் படிக்கிற துண்டு) கேளுங்க. சாதாரண சி.ஆர்.39 பிளாஸ்டிக், ஹார்டு கோட், அவ்வளவே. 1.50 பவருக்கு ஹை இண்டெக்ஸ் (மெல்லிய லென்ஸ்) போட்டால் தடிமனில் வித்தியாசமே தெரியாது. ப்ளூ கட் (நீல ஒளியைக் குறைப்பது) என்று ஒரு தொகை ஏற்றுவார்கள். கம்ப்யூட்டர் பார்க்கிறதுக்காக அது தேவை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியே பரிந்துரைப்பதில்லை. டி-யின் மேல் கோடு கீழ் இமை விளிம்புக்கு நேராக வரணும். அதற்கு மேலே ஏறினால் நடக்கும்போது இடிக்கும், ரொம்ப இறங்கினால் படிக்க மோவாயைத் தூக்கணும்.

பழைய ஃப்ரேம் நல்லா இருந்தால் லென்ஸ் மட்டும் போடச் சொல்லுங்க. காய்ந்துபோன ஷெல் (பிளாஸ்டிக்) ஃப்ரேம் என்றால் சூடு காட்டும்போது விரிசல் விடும், அதை முதலிலேயே பேசிக்கணும். பில்லில் லென்ஸ் தனி, ஃப்ரேம் தனியாக எழுதி வாங்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கு. பழைய வரி போட்டால் கேளுங்க.

கிரானைட் பட்டறை வேலை என்றால் மட்டும் பாலிகார்பனேட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். சில்லு தெறித்தால் சி.ஆர்.39 அவ்வளவு தாங்காது.

ஊத்தங்கரை ஆப்டோ:
ரெடிமேட் +2.25 வேண்டாம். ஆட் என்பது தூரப் பவருக்கு மேல் கூட்டுகிற எண். இவருக்குப் படிக்க வலதில் சராசரி +3.25, இடதில் அதற்குக் கொஞ்சம் மேல். +2.25 போட்டால் பேப்பரைக் கை நீட்டிப் பிடிச்சாலும் சிலிண்டர் குறை அப்படியே நிற்கும். அவசரத்துக்கு மருந்து அட்டை பார்க்க +3.25 வாங்கலாம், அது கிடைக்காவிட்டால் +3.00. அரை மணி நேரம் படிக்க அது ஆகாது.

பணம் கட்டும் முன் அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் ஒரு தரம் கேட்டுப் பாருங்க. தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில் வயதானவர்களுக்குப் படிக்கிற கண்ணாடி இலவசமாகக் கொடுக்க இடமிருக்கு, கையிருப்பைப் பொறுத்தது.

ஒன்று கேட்கணும்: அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கா? சோதித்த அன்று ஏறியிருந்தால் பவரே மாறி வந்திருக்கும்.

பாலக்கோடு வாசி:
நன்றிங்க. ஜன்னல் கம்பி சொன்ன மாதிரியேதான் தெரியுது. பி.டி. மூன்று தரமும் 59. சர்க்கரை இருக்கு, மாத்திரை போன மாதம்தான் மாற்றினார்கள்.

ஊத்தங்கரை ஆப்டோ:
அப்போ இந்தச் சீட்டுக்கு லென்ஸ் போடாதீங்க. சர்க்கரை ஒரே நிலைக்கு வந்து நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிங்க. விழித்திரையையும் அன்றே பார்க்கச் சொல்லுங்க. பாப்பாவுக்கு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கூட ஒருத்தர் போங்க. பவர் சோதனையை மருந்து விடுவதற்கு முன்னால் முடிச்சுக்கணும்.